வலப்பக்கத்து மட்காட்

பருத்தித்துறை பஸ்ஸில் யன்னலோரத்து இடம் கிடைப்பதற்கு முற்பிறப்பில் ஏதாவது புண்ணியம் செய்திருக்கவேண்டும். குலவீரசிங்கத்தார் செய்திருந்தார் போலும், ஆனால் அந்தப் புண்ணியத்தைக் கால் நீட்டி அனுபவிக்க விடாமல் மடியில் ஒரு மட்காட் இருந்தது. காரின் முன்சக்கரத்துக்கு மேலே குடையாக வளைந்து நிற்கிற தகரம். வெறுந்தகரம் என்று சொல்லக்கூடாது, ஒஸ்ரின் ஏ-போட்டிக் காரின் மட்காட், சீமையில் அச்சில் அடித்து இறக்கியது, எழுபது வயதான அவரைவிடவும் இரண்டு வயது மூத்தது. குறுக்கே வைத்தால் பக்கத்தில் இருக்கிற பெண்ணின் மடிக்குப் போகிறது, நிறுத்தி வைத்தால் முன்னால் உலகம் தெரியவில்லை. "ஐயா, உதென்ன, ஆனையின்ரை காதோ?" என்று கேட்டார் கொண்டக்ரர், நரைத்த மனிசன், பகிடி விடாமல் ரிக்கற் கிழிக்கத் தெரியாதவர். "காரின்ரை மட்காட்." "ஓகோ. மிச்சக் கார் பின்னாலை வருதோ?" பஸ் முழுக்கச் சிரித்தது. வேறொரு நாளென்றால் குலவீரசிங்கத்தாருக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நின்றிருக்கும், இன்றைக்கு வரவில்லை, இன்றைக்கு அவரும் சேர்ந்து சிரித்தார், ஏனென்றால் கிடைத்துவிட்டது, மூன்று மாதம் தேடி, இல்லை இல்லை என்ற சொல்லையே எல்லா ஊரிலும் எல்லாப் பாஷையிலும் கேட்டு, கடைசியில் கிடைத்துவிட்டது. இன்றைக்குச் செவ்வாய். நாளைக்குப் புதன். அதற்கடுத்தது வியாழன். வியாழக்கிழமை மத்தியானம் யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் தம்பி சிறி வந்து இறங்குவான், வாசலில் கார் நிற்கும். பஸ் கல்வியங்காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. தகரத்தின் விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டே வியாழக்கிழமை, வியாழக்கிழமை என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார்.

அந்த வியாழக்கிழமையை வரவழைத்ததும் அவர் வாய்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு முன்னே ஒரு ஞாயிற்றுக்கிழமை நோர்வேயிலிருந்து தம்பி சிறீகரன் போன் எடுத்தான். வருசத்தில் மூன்று தரம் எடுப்பான், பொங்கலுக்கு, தீபாவளிக்கு, அம்மாவின் திவசத்துக்கு, பேச்சும் மூன்று தரமும் ஒன்றுதான், சுகமோ, சுகம், அங்கை மழையோ, ஓம் மழை, அப்ப வைக்கட்டோ, ஓம் வை. முப்பத்துமூன்று வருசமாக இந்த நாலு சொல்லில் ஒரு உடன்பிறப்பு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் வைக்கவில்லை. "அண்ணை, ஒருக்கா வந்து பாப்பம் எண்டு யோசிக்கிறன்." வா என்று சொல்லியிருக்கலாம், சொல்லத்தான் வாயைத் திறந்தார், அதற்குள் அவன், "எங்கடை கார் நிக்குதோ?" என்று கேட்டுவிட்டான். "நிக்குது." "ஓடுதோ?" அந்த ஓடுதோவில் ஏதோ இருந்தது. ஐம்பத்தைந்து வயதுக்காரன் கேட்டது போல இல்லை, பள்ளிக்கூடம் விட்டு வந்து படலையிலேயே நின்று கேட்டது போல இருந்தது, அதுதான் ஆளைக் கவிழ்த்தது. "ஓடாமல்! இண்டைக்கு விடியவும் வல்லிபுரக்கோயிலுக்கு அதிலைதான் போட்டு வந்தனாங்கள்." குசினிக்குள் அரித்துக்கொண்டிருந்த அரிதட்டு அப்படியே நின்றது, மனிசி மலர் தலையை நீட்டிப் பார்த்தாள், விடியக்காலை கோயிலுக்கு அவளோடு ஓட்டோவில் போய்வந்தவர் தான் அல்ல, வேறு யாரோ என்பது போல அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்தில் சிறி சிரித்தான். முப்பத்துமூன்று வருசத்தில் முதல்தரம் அவன் சிரித்தது கேட்டது. "அப்ப ஸ்ரேசனுக்குக் காரிலை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை." "வராமல்!" என்றார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் பொய் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பார்.

பொய் சொன்ன பிறகு மலர் சோறு போட்டாள், ஒன்றும் பேசவில்லை, அது அவள் பழக்கம், பேசாமல் இருந்தே ஆளை முடித்துவிடுவாள். சாப்பிட்டுக் கைகழுவிப் பின்வளவுக் கொட்டிலுக்குப் போய்க் கிடுகுத் தட்டியை இழுத்துவிட்டுப் பார்த்தார். பத்து வருசமாகச் சரியாகப் பார்க்காத ஒன்றைப் பார்ப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். சண்டை முடிந்து கொழும்புப் பாதை திறந்து புதுக் கார்கள் வந்தன, ஹயருக்கு ஏ-போட்டியைக் கேட்டு ஒருவரும் வரவில்லை, இன்றைக்கு ஸ்ராட் பண்ணுவம் நாளைக்குப் பண்ணுவம் என்று விட்டது, தும்பளைக் கடற்காற்று ஒரு நாளையும் அப்படி விடவில்லை. கதவைத் திறந்தார், பிடி கையோடு வந்தது. உள்ளே காலை வைத்தார், கால் தரையில் நின்றது, காரின் தரையில் அல்ல, கடவுள் தந்த தரையில். ரின்கர் வேலைக்கு ஜெறோமைக் கூப்பிட்டார், தகரம் தட்டுவதில் பருத்தித்துறையில் அவனை விட்டால் ஆள் இல்லை. அவன் திருப்புளியால் அங்கங்கே குத்திக் குத்திக் காரைச் சுற்றி வந்தான், குத்திய இடமெல்லாம் துருப்பிடித்த தகரம் பிஸ்கற் மாதிரி உதிர்ந்தது, ஒவ்வொரு குத்துக்கும் குலவீரசிங்கத்தாருக்கு விலாவில் சுருக்கென்றது. "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இது கார் இல்லை, கார் மாதிரி நிக்கிற கறள்." பிறகு அவனே இரக்கப்பட்டு, "எஞ்சின் இரும்பு, அது சாகாது. தகரத்தைத் தேடித் தந்தியளெண்டால் நான் ஒட்டித் தாறன்" என்றான். தேடினார். சண்டைக் காலத்தில் சனம் எதை எதுக்குப் பாவித்தது என்று அந்த மூன்று மாதத்தில்தான் தெரிந்தது, கொடிகாமத்தில் ஒரு கிணற்றுக்கு மூடியாகக் கிடந்தது பொனற், மிருசுவிலில் ஆட்டுக்கொட்டிலின் படலையாக நின்றது பின்கதவு, அந்த வீட்டுக்காரி, படலையைக் கழற்றினால் குட்டிகள் ஓடிவிடும் என்று அழுகிற மாதிரி நின்றதில், புதுப் படலை செய்து கொடுத்துவிட்டுத்தான் கதவை எடுத்து வந்தார். தரைக்கும் படிக்கும் புதுத் தகரம் வெட்டி ஒட்டியாயிற்று. எல்லாம் சேர்ந்தது, வலப்பக்கத்து முன் மட்காட் மட்டும் சேரவில்லை. கழற்றும்போதே அது இரண்டாக வந்தது, பிறகு நாலாக, பிறகு கூட்டிமாறால் கூட்டி அள்ளவேண்டியதாயிற்று. கொழும்பில் பஞ்சிகாவத்தைத் தெருவில் கடைகடையாக ஏறி இறங்கினார், படத்தைக் காட்டினார், ஒரு கடைக்காரர் படத்தை மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு நல்ல வடிவான கார் என்று சொல்லித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார், மட்காட் இல்லை. சீமையில் பழைய கார்க்காரர்களின் சங்கம் ஒன்றில் மலரின் மருமகன் விசாரித்தான், இருக்கிறது, கப்பலில் போட்டால் மாரி முடிய வரும் என்றார்கள். இன்றைக்குக் காலைதான் யாழ்ப்பாணத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றிலிருந்து போன் வந்தது. கோப்பாய் வந்துவிட்டது, தோட்டத்துப் புகையிலை வாசம் யன்னலால் உள்ளே வந்தது, அவர் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

எல்லாம் சரி, ஆனால் அந்த "ஆரோ" எங்கிருந்து வந்தது. நினைவு இப்படித்தான், நல்ல தெருவில் போய்க்கொண்டிருக்கும்போது சக்கரத்தைக் கொண்டுபோய் ஒரே குழிக்குள் விடும். ஜெறோம் ஒரு நாள் இடப்பக்கத்து மட்காட்டின் பெயின்றைச் சுரண்டிவிட்டு வேலையை நிற்பாட்டிக் கூப்பிட்டான். "அண்ணை, இஞ்சை வாங்கோ. இது கொம்பனிச் சாமான் இல்லை. கையாலை அடிச்சது. பாருங்கோ, உள்ளுக்குத் தார் ஒட்டியிருக்கு, தார்ப்பீப்பாத் தகரம். கார் முழுக்கக் கறள், இதிலை ஒரு பொட்டுக் கறள் இல்லை." குனிந்து உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினான். "அடியெல்லாம் மற்றப் பக்கம் சரிஞ்சு விழுந்திருக்கு. இடக்கையன் ஒருத்தன் அடிச்சிருக்கிறான். வேலைகாரன். ஆர் அண்ணை இது செய்தது?" ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்கும். குலவீரசிங்கத்தார் செருமிக்கொண்டு, "ஆரோ, அந்த நேரம் ஆரோ செய்தவை" என்று சொல்லிவிட்டு அப்பால் போனார். ஆரோ. அம்மா பெற்ற ஆரோ. அவர் தூக்கிக்கொண்டு திரிந்த ஆரோ. பெயரைச் சொன்னால் அதோடு சேர்ந்து மற்றதும் வரும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. பெயரைச் சொல்லாவிட்டாலும் வருகிறது, பஸ்ஸில் வருகிறது, மடியில் சீமை மட்காட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிற மனிசனிடம் வந்து, அரக்கி இருங்கோ என்று பக்கத்தில் குந்துகிறது.

பொருளாதாரத் தடைக் காலம். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உறுமவைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய காலம், கார் போன பிறகும் அரை மணித்தியாலத்துக்கு அது போன வழி மணக்கும். பக்கத்து வளவில் ஷெல் விழுந்து மதில் சரிந்ததில் காரின் இடப்பக்கத்து மட்காட் அப்பளமாகிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, மட்காட்தானே என்று மற்றவர்கள் சொன்னார்கள், ஹயரில் சாப்பிடுகிறவனுக்குத்தானே தெரியும். பன்னிரண்டு நாளில் நடக்கவிருந்த சின்னம்மாவின் மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை ஏற்றுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். சிறி அப்போது நெல்லியடியில் ஒரு கராஜில் தகரவேலை பழகிக்கொண்டிருந்தான், இருபது வயது, பேச்சுக் குறைவு. தெருவோரத்தில் கிடந்த தார்ப்பீப்பா ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். "நான் செய்து தாறன் அண்ணை." பீப்பாவை வெட்டி விரித்து, நெருப்பில் காட்டித் தாரை வழித்து, வலப்பக்கத்து மட்காட்டைக் கழற்றி மாதிரிக்கு வைத்துக்கொண்டு, அதன்மேல் தகரத்தை அணைத்து அணைத்துத் தட்டினான். ஒன்பது நாள். ரங் ரங் என்ற அந்தச் சத்தத்தில் அம்மாவுக்குத் தலையிடி வந்தது, பிறகு பழகிப்போய் அவன் தட்டாத நேரம்தான் தலையிடி என்றாள். சின்ன வயதில் அவனுக்குச் சோறு கொடுக்கும்போது இடக்கையைத் துணியால் கட்டிவைத்தவளும் அவள்தான், அதால் அவன் சோற்றுக்கு வலக்கை, மற்ற எல்லாவற்றுக்கும் இடக்கை என்று ஒரு உடன்படிக்கைக்கு வந்திருந்தான். பத்தாம் நாள் காலை பூட்டுவதைப் பார்க்க ஊர் வந்து நின்றது, சின்னம்மா வீட்டாரும் வந்து நின்றார்கள், அந்த நாளில் வேறென்ன பொழுதுபோக்கு. பார்த்தால் கொம்பனிச் சாமான் தோற்றுவிடும், அப்படி ஒரு வளைவு. தூக்கிக்கொண்டுபோய் இடப்பக்கத்தில் வைத்தான். மட்காட் காருக்கு முதுகைக் காட்டியது. திருப்பினான். இப்போது விளக்குக்கு விட்ட ஓட்டை பின்னால் போனது. வலப்பக்கத்து மட்காட்டின்மேல் வைத்து அடித்தால் இன்னொரு வலப்பக்கத்து மட்காட்தானே வரும், இடப்பக்கத்துக்கு எல்லாவற்றையும் மாற்றியல்லவோ அடிக்கவேண்டும், ஒன்பது நாளும் வேலையில் ஆழ்ந்து கிடந்தவனுக்கு அது தோன்றவில்லை, ஒன்பது நாளும் பார்த்துக்கொண்டு போன அண்ணனுக்கும் தோன்றவில்லை. ஆரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். அந்தச் சிரிப்பு தன்மேலும் விழுகிறது என்று குலவீரசிங்கத்தாருக்குச் சுட்டது, சுட்டதும் வாய் திறந்தது. "சோத்துக்கை எது, பீச்சைக்கை எது எண்டு தெரியாத மாடு! உனக்கு என்னத்துக்கடா சுத்தியல்?" ஊர் இன்னொரு தரம் சிரித்தது, அவன் கையில் சுத்தியல் இருந்தது, எந்தக் கையில் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

பஸ் அச்சுவேலியில் நின்று ஆட்களை இறக்கி ஏற்றியது, ஒரு மரவள்ளிச் சாக்கு மட்காட்டில் இடித்துக்கொண்டு போனது, அவர் அதைப் பிள்ளையை அணைப்பது போல அணைத்தார். அவன் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும், இரண்டு அண்ணன் தம்பி சண்டை பிடித்தார்கள், பின்னேரம் ஒரு பானையில் சாப்பிட்டார்கள் என்று முடிந்திருக்கும். அந்த மட்காட்டைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனான், கோழிக்கூட்டின் கிடுகு உக்கிப்போய்க் கிடந்தது, அதன்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து அடுத்த பீப்பாவை வெட்டத் தொடங்கினான். கலியாணம் இடப்பக்கத்து மட்காட் இல்லாமலே நடந்தது, மாப்பிள்ளையின் வேட்டியில் இடப்பக்கம் முழுக்கச் சேறு. அடுத்த ஆறு நாளில் இடப்பக்கத்துக்கு இடப்பக்கத்து மட்காட்டே வந்தது, ஆணி ஓட்டைக்கு ஆணி ஓட்டை பொருந்தியது. குலவீரசிங்கத்தார் காரை இரண்டு தரம் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவ்வளவுதான். விழுந்தும் மீசையில் மண் ஒட்டக்கூடாது அல்லவா. கோழிக்கூட்டில் கிடந்ததற்குப் பிழை மட்காட் என்று பேர் நிலைத்துவிட்டது, மலர் கலியாணமாகி வந்து கதை தெரியாமலே அந்தப் பேரைப் பழகிக்கொண்டாள், பிழை மட்காட்டுக்குக் கீழே பேடு அடைகாக்குது, பிழை மட்காட்டின்மேல் மிளகாய் காயப்போட்டிருக்கு. அடுத்த வருசம் சிறி வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டான். கிளாலிக் கரை வரைக்கும் அவர்தான் இந்தக் காரில் கொண்டுபோய் விட்டார், இரண்டு மணித்தியாலம், இரண்டு பேர், ஒரு பேச்சு இல்லை. வள்ளத்துக்கு ஆட்கள் கூப்பிட்டதும் அவன் பையை எடுத்துக்கொண்டு காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, இடப்பக்கத்து மட்காட்டை இடக்கையால் இரண்டு தரம் தட்டினான், மாட்டின் கழுத்தில் தட்டுவது போல. "போட்டு வாறன் அண்ணை." நல்லாச் செய்திருக்கிறாய் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது, சத்தியமாக வந்தது, அவருக்குத் தெரியும். வாயால் வந்தது, "காசைப் பத்திரமா வை" என்பது. சொல்லாத அந்த ஒரு வரி முப்பத்துமூன்று வருசமாகத் தொண்டையில் மீன்முள்ளாகக் கிடக்கிறது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்குவதாக இல்லை.

வல்லை வெளி வந்தது. இரண்டு பக்கமும் வீடில்லை மரமில்லை, உவர் நிலமும் தண்ணியும் காற்றும், உப்புக் காற்று, நகத்தில் பட்டால் நகமும் கறள் பிடிக்கும். பக்கத்திலிருந்த பெண், "ஐயா, உந்த விளிம்பு என்ரை சீலையிலை கொழுவுது, மற்றப் பக்கம் திருப்பிப் பிடியுங்கோ" என்றாள். "குறை நினையாதை பிள்ளை" என்று அவர் திருப்பினார், விளக்கு ஓட்டை பஸ் போகிற திக்கைப் பார்த்து இருக்கிறமாதிரி வைத்துக்கொண்டார். அப்படி வைத்ததில் ஒரு சந்தோசம், காரில் இருக்கிற மாதிரியே இருந்தது. காற்று உள்ளே வந்து தகரத்தைத் தூக்கப் பார்த்தது, வலக்கையால் யன்னல் பக்கத்து விளிம்பை இறுக்கிப் பிடித்தார். விரலுக்கு ஆணி ஓட்டைகள் பட்டன, காரின் உடம்போடு பூட்டுகிற ஓட்டைகள், ஒன்று, இரண்டு, மூன்று, சீமைக்காரன் துளைத்தது அளவு பிசகாது, நாலு, ஐந்து. வலக்கையால். விரல் நின்றது. மனம் விரலைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஓட்டைகள் ஏன் வலப்பக்கம் இருக்கின்றன. விளக்கு முன்னால் பார்க்கிறது, நான் முன்னால் பார்க்கிறன், வலப்பக்கத்து மட்காட்டுக்குக் கார் இடப்பக்கம் அல்லவோ இருக்கவேண்டும், ஆணி இடப்பக்கம் அல்லவோ வரவேண்டும். இல்லை, நான் பிழையாய்ப் பிடித்திருக்கிறன். புரட்டினார். ஓட்டைகள் இடப்பக்கம் வந்தன, ஆனால் மட்காட் தொட்டி மாதிரி மல்லாந்து கிடந்தது, மழைத்தண்ணி பிடிக்கலாம், கார் ஓட்டேலாது. திரும்பவும் கவிழ்த்தார். திரும்பவும் வலப்பக்கம். பெண் தன் சீலையை இழுத்துக்கொண்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். வாங்கி வந்தது இடப்பக்கத்து மட்காட். எதற்கு வேண்டாமோ அதற்கு. எது கறளில்லாமல் இரும்பாக நிற்கிறதோ அதற்கு. இன்றைக்குச் செவ்வாய், நாளைக்குப் புதன்.

கடையை நினைத்துப் பார்த்தார், நினைக்காமல் விடமுடியவில்லை. சுவரில் ஆணியில் தொங்கியது, விளக்கு ஓட்டை அவரைப் பார்த்தபடி. எதிரே நின்று தன் வலக்கையை நீட்டித் தொட்டு, இதுதான் வலப்பக்கம் என்று முடிவு செய்தார். எதிரில் வருகிற மனிசனின் வலக்கை நம்முடைய இடக்கைப் பக்கம் இருக்கும் என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கடைக்காரர் கேட்டும் இருந்தார். "அண்ணை, இடமோ வலமோ எண்டு வடிவாப் பாருங்கோ, பேந்து மாத்தித் தரமாட்டன்." "நாப்பது வருசம் ஓடினவனுக்குச் சொல்லித் தாறீரோ" என்று மிதப்பாகச் சொன்னார். காலையில் ஜெறோமும் படலை வரைக்கும் வந்து, "றைவர் பக்கம் அண்ணை, மறந்திடாதேங்கோ" என்றான், அவனையும் முறைத்தார். வடிவாய் முறைத்தாய் குலவீரசிங்கம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தப்பலாமா, தப்பலாம், ஆனால் இருபது வயதுப் பிள்ளைக்கு அடி சறுக்கியபோது அந்தப் பழமொழி எங்கே போயிருந்தது. சோத்துக்கை எது, பீச்சைக்கை எது. சத்தம் கேட்டது, தன்னுடைய சத்தம்தான், முப்பத்தைந்து வயதுக் குரல், காற்றோடு யன்னலால் வந்து எழுபது வயதுக் காதில் அறைந்தது. ஊர் சிரித்தது. பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை, கொண்டக்ரர்கூடத் தூங்கிக்கொண்டிருந்தார், ஆனால் நெல்லியடியும் கரணவாயும் தும்பளையும் கூடி நின்று சிரிப்பது அவருக்குக் கேட்டது, முகம் கொதித்தது, இப்படித்தானா அவனுக்குக் கொதித்தது, இதை வைத்துக்கொண்டா ஆறு நாள் பேசாமல் தட்டினான். கண் கலங்கியது, காற்று என்று வைத்துக்கொண்டார். அவனுக்கு மட்டும் என்ன வலம் இடம் தெரியாமலா, மாதிரிக்கு இருந்தது வலப்பக்கத்து மட்காட், அதன்மேல் வைத்து அடித்தான், அடித்ததும் வலப்பக்கமாகத்தான் வந்தது, அச்சொட்டாக வந்தது, இடப்பக்கத்துக்குத்தான் அது பிழை, வலப்பக்கத்துக்கு அது. பஸ் வல்லைப் பாலத்தில் ஏறித் துள்ளியது. வலப்பக்கத்துக்கு அது ஒரு நாளும் பிழை இல்லை. முப்பத்துநாலு வருசமாக விடியக்காலையில் பல் துலக்கும்போது பார்க்கிற சாமான், கோழிக்கூட்டின்மேல் மிளகாய் காய்கிற சாமான், பஞ்சிகாவத்தையிலும் சீமையிலும் தேடின சாமான். பிழை என்று பேர் வைத்தது அவர், வைத்த பேரை நம்பியதும் அவர்தான். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கமுடியாமல் வந்தது, மட்காட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "ஐயா, என்ன செய்யுது? தண்ணி தரட்டோ?" என்று அந்தப் பெண் பதறினாள். "ஒண்டுமில்லைப் பிள்ளை. கோழிக்கூட்டை நினைச்சனான்." அவள் தண்ணிப் போத்தலை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அரக்கி இருந்தாள்.

ஓட்டோவில் வந்து படலையில் இறங்கியபோது ஜெறோம் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பூந்தோட்டத்துப் பச்சை நிறத்தில் கதவுக்குப் பெயின்ற் கலந்துகொண்டிருந்தான். தூரத்திலேயே கண்டுகொண்டான். "அண்ணை... அது இடப்பக்கம்." "தெரியும்." "தெரிஞ்சோ வாங்கினனீங்கள்?" "இது கோழியளுக்கு" என்று சொல்லிக்கொண்டே நிற்காமல் பின்வளவுக்குப் போனார், அவன் தூரிகையோடு வாயைத் திறந்தபடி பின்னால் வந்தான். மலர் குசினியால் ஓடி வந்து, "ஐயோ, அடைக்கு வைச்ச பேடு உள்ளுக்கு, என்ன கூட்டைப் பிரிக்கிறியள்?" என்று கத்தினாள். காய்ந்துகொண்டிருந்த மிளகாயை ஒரு பக்கமாக வழித்துவிட்டு, இரண்டு கையாலும் பிழை மட்காட்டைத் தூக்கினார், கோழிகள் நாலு திக்கும் பறந்தன, பேடு மட்டும் எழும்பாமல் அவரைப் பார்த்து ஏசியது. பேட்டுக்கு மேலே சீமை மட்காட்டைக் கவனமாகக் கவிழ்த்து வைத்தார். பிறகு மற்றதைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க் காரின் வலப்பக்கத்தில், றைவர் பக்கத்தில், மெல்லப் பொருத்தினார். அது முதுகைக் காட்டவில்லை. தாய் மடியில் பிள்ளை போலப் போய்ச் சேர்ந்தது. ஐந்து ஓட்டையில் மூன்று நேரே பொருந்தின, இரண்டுக்கு அரம் போட்டால் போதும். ஜெறோம் கோழி எச்சத்தைச் சாக்கால் துடைத்தான், மேலோடிய கறளைக் கையால் உரசினான், அது பொடியாகப் போய் உள்ளே கறுப்பாக, உறுதியாக, தார் வாசத்தோடு தகரம் தெரிந்தது. உள்ளங்கையை வைத்துத் தடவினான், ஒரு இடத்தில் நின்றான், திரும்பவும் தடவினான்.

"அண்ணை, இதுவும் அந்த இடக்கையன்ரை அடிதான். ஆர் அண்ணை அந்த ஆள்?"

"என்ரை தம்பி" என்றார் குலவீரசிங்கத்தார். "சிறீகரன். இருபது வயசிலை அடிச்சவன். நல்லாச் செய்திருக்கிறான், என்ன?"

சொல்ல வேண்டியவனுக்குச் சொல்லவில்லை, ஆனாலும் சொல் வெளியே வந்துவிட்டது, ஒரு தரம் வந்த சொல்லுக்கு வியாழக்கிழமையும் வழி தெரியும். மலர் மிளகாய்ச் சுளகோடு நின்று அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கிட்ட வந்து மட்காட்டில் ஒட்டிக் கிடந்த ஒரு மிளகாய் விதையை நகத்தால் தட்டிவிட்டாள்.

"நாளைக்குப் பின்னேரத்துக்கிடையிலை பூட்டிப் பெயின்ற் அடிச்சுப்போடுவன்" என்றான் ஜெறோம். "ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது."

"பூட்டு. பெயின்ற் அடியாதை."

"பச்சைக் காருக்குக் கறுத்த மட்காட்டோ? யாழ்ப்பாணம் முழுக்கப் பாத்துச் சிரிக்கும் அண்ணை!"

"சிரிக்கட்டும்" என்றார். "அண்டைக்கும் ஊரைக் கூட்டி வைச்சுத்தான் அவனை ஏசினனான்."